கண்ணில் பிளக் வைத்த ருக்சானா

ருக்சானா கேரம் போர்டைத் தொட்டு மூன்று வருடமாகிவிட்டது. போர்டு எங்கும் போய்விடவில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த அவள் வீட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது. வீடு துடைக்கும்போது அதைப் பார்க்காத மாதிரி துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பன்னிரண்டு வயதிலிருந்து ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. கணவன் முஜீப் கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தான். போட்டி நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். அவளைவிட அவனுக்குத்தான் படபடப்பு அதிகம். மகள் மஹீரா பிறந்த வருடம் மட்டும் ஒரு இடைவெளி.

மூன்று வருடத்துக்கு முன் அச்சரப்பாக்கத்தில் ஒரு அரையிறுதி. அதில்தான் முடிந்தது. ரெட், அந்த ஒற்றைச் சிவப்புக் காய், நட்ட நடுவில் கிடந்தது, சின்னப் பிள்ளைகூடப் போட்டுவிடும். ருக்சானாவுக்கு அது இரண்டு ரெட்டாகத் தெரிந்தது. கண்ணில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி எரிச்சல். இரண்டில் ஒன்றைப் பார்த்து அடித்தாள். ஸ்ட்ரைக்கர் வெறும் பலகையில் ஓடிப்போய்ப் பாக்கெட்டில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அன்றைக்குச் சுவரோரம் போனதுதான் போர்டு.

கண் அப்படி ஆனதற்குக் காரணம் அவள் வேலை. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு. பிரேக் பாகம் ஒவ்வொன்றையும் வெள்ளை விளக்கின் கீழே பிடித்து, கீறல் உண்டா, பிசிறு உண்டா என்று பார்க்க வேண்டும். ஏசி தலைக்கு மேலேயே வீசும். பதினோரு வருடமாகப் பார்த்துப் பார்த்து, கண் இமைப்பதையே மறந்துவிட்டது. அரை மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது கண்ணைத் திறக்கவே முடியாது.

நான்கு மாதம் சொட்டு மருந்தும் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்துப் பார்த்த கண் டாக்டர் ஸ்ரீதேவி, ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை கண்ணீரின் அளவைப் பார்க்கும் காகிதச் சோதனையை மறுபடியும் செய்தார். கீழ் இமையில் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைச் செருகி ஐந்து நிமிடம் விட்டார். பிறகு எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"பத்து பதினஞ்சு மில்லிமீட்டராவது நனையணும்மா. உங்களுக்கு மூணுதான் நனைஞ்சிருக்கு. சொட்டு மருந்து மட்டும் பத்தாது. பிளக் வச்சுப் பார்ப்போமா?"

"பிளக்கா? கரண்டு பிளக்கு மாரியா?" என்றான் கூட வந்திருந்த முஜீப்.

டாக்டர் சிரித்துவிட்டார். "கண்ணோட மூக்கோரத்துல, இமை விளிம்புல, ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். கண்ணீர் அது வழியா மூக்குக்குள்ள வடியும். அழுதா மூக்கும் ஒழுகுது இல்லையா? அதனாலதான். இவங்களுக்கு ஊறுறதே கொஞ்சம். அதுவும் வடிஞ்சு போயிடுது. அந்தத் துவாரத்தை அடைச்சா, இருக்கிற கண்ணீர் கண்ணுலயே நிக்கும்."

"அடைச்சிட்டா தண்ணி எங்க போவும் டாக்டரம்மா? மூள பக்கம் ஏறிடாதா?"

"மச்சான், நீ சும்மா இருக்கமாட்ட?" என்றாள் ருக்சானா. ஆனால் அவளுக்கும் அதே பயம்தான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முதலில் ஒரு வாரத்தில் தானே கரைந்துபோகும் பிளக்கை வைத்துப் பார்ப்பதாகவும், சுகம் தெரிந்தால் மட்டும் சிலிக்கான் பிளக் வைப்பதாகவும், வேண்டாமென்றால் அதையும் எடுத்துவிடலாம் என்றும். கத்தி கிடையாது, தையல் கிடையாது. "வெளிய உட்கார்ந்து யோசிச்சுட்டு வாங்க."

வெளியே காத்திருக்கும் இடத்தில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், மடித்த கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். பெயர் சுப்புராமன். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை, முப்பது வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால். அவரே பேச்சைத் தொடங்கினார்.

"பிளக் வைக்கவா? நான் வச்சு எட்டு மாசம் ஆச்சு. ஒண்ணு விழுந்துடுச்சு, அதைத் திரும்ப வைக்க வந்திருக்கேன்."

"விழுந்துடுமா?" ருக்சானா நிமிர்ந்தாள்.

"தப்பு என் மேலதான். தூக்கத்துல கண்ணைத் தேய்ச்சுட்டேன். தலைகாணி உறையைக் கழட்டி உதறித் தேடினேன். அரிசியில கால்வாசிகூட இருக்காது, எங்க கிடைக்கும்? ஆனா அது போன மறுநாளே தெரிஞ்சுபோச்சு, பழைய எரிச்சல் வந்துடுச்சு."

"வலிக்குமா சார்?"

"வலியெல்லாம் இல்லம்மா. முதல் மூணு நாள் ஓரத்துல தூசி மாதிரி உறுத்தும். காத்து பட்டா கண்ணு நிறைஞ்சு வழியும். ஒருநாள் மீட்டிங்ல தாரை தாரையா வழியுது. எங்க ஆபீஸர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'வீட்டுல யாருக்காவது ஏதாவதா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க'ன்னு தோளைத் தட்டினார்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"லீவு எடுத்துக்கிட்டேன்" என்றார் சுப்புராமன் சாதாரணமாக.

ருக்சானா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே எழுந்து உள்ளே போய், "வச்சுடுங்க டாக்டரம்மா" என்றாள்.

மரத்துப்போக ஒரு சொட்டு. மைக்ராஸ்கோப்பில் தாடையை வைத்து மேலே பார்க்கச் சொன்னார்கள். யாரோ இமையை விரல் நுனியால் லேசாக அழுத்தின மாதிரி இருந்தது. அவள் எப்போது குத்துவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர், "ரெண்டு பக்கமும் முடிஞ்சது" என்றார். முஜீப் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அது நடந்தது. கேன்டீனில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு, வழக்கம்போல் சொட்டு மருந்துக்காகப் பையைத் துழாவினாள். காலையில் புதிதாக வாங்கிப் போட்ட பாட்டில். மூடியின் சீல் அப்படியே இருந்தது. காலை ஏழு மணியிலிருந்து ஒரு தடவைகூட ஊற்றவில்லை. ஊற்ற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அவள் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்த தோழி ரோகிணியின் ஈரக் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ரோகிணி! எரியலடி! காலையிலேர்ந்து எரியவே இல்ல!"

அன்று பஸ்ஸில் சிங்கபெருமாள் கோவிலிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து பர்தாவைக்கூடக் கழற்றாமல், பீரோவின் பக்கவாட்டில் கையை விட்டு, போர்டை இழுத்தாள். பிளஸ் டூ படிக்கும் மஹீரா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அம்மா, இன்னா பண்ற?"

"ஒரு பக்கம் புடி."

பவுடர் டப்பாவில் பவுடர் கட்டியாகிப் போயிருந்தது. விரலால் நசுக்கித் தூவினாள். முதல் ஐந்து அடியும் தப்பு. ஆறாவது அடியில் காய் ஒன்று மூலையில் போய் விழுந்த சத்தம் கேட்டதும், அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கடையிலிருந்து வந்த முஜீப், என்னவோ ஏதோ என்று செருப்போடு உள்ளே ஓடி வந்தான். போர்டைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ஏழாம் நாள் பிளக் கரைந்துபோனது. எட்டாம் நாள் வேலையில் விளக்கைப் பார்த்ததுமே பழைய மணல் திரும்பி வந்துவிட்டது. ருக்சானா இடைவேளையில் க்ளினிக்குக்குப் போன் போட்டாள்.

"டாக்டரம்மா, அது பூடுச்சு! எனக்கு அந்த இன்னொண்ணு வேணும், கரையாதது! இன்னிக்கே வரட்டா?"

சிலிக்கான் பிளக் வைத்த நாளில் டாக்டர் ஸ்ரீதேவி இரண்டு விஷயம் சொன்னார். கண்ணைத் தேய்க்கக் கூடாது. அப்புறம், பிளக் தண்ணீரைப் பிடித்துத்தான் வைக்கும், இமைத்தால்தான் அது கண் முழுவதும் பரவும். "முறைச்சுப் பார்க்கிற வேலை உங்களுது. நடுநடுல வேணும்னே சிமிட்டுங்க."

சுப்புராமன் சொன்ன மாதிரியே மூன்று நாள் உறுத்தியது, காற்றில் கண்ணீர் வழிந்தது. பிறகு உறுத்தல் போய்விட்டது. வண்டியில் போகும்போது வழிவது மட்டும் கொஞ்சம் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் முஜீப் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து போர்டின் மேல் வைத்தான். மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேரம் போட்டி. பெண்கள் ஒற்றையர் உண்டு. ஜெயிப்பவர் திருச்சியில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம்.

"ஆடறியா?" என்றான்.

"மூணு வருசமாச்சே மச்சான். பசங்கல்லாம் பூந்து வெளயாடுங்க."

"பேரு குட்த்துட்டேன்."

"கேக்காமயேவா?"

"கேட்டா யோசிப்ப. யோசிச்சா வேணான்னுவ."

ஐந்து வாரம். தினமும் வேலை விட்டு வந்து இரண்டு மணி நேரம். மஹீரா மொபைலில் நேரம் வைத்து, பத்து விநாடிக்கு ஒருதரம், "கண்ணு!" என்று கத்துவாள். ருக்சானா சிமிட்டுவாள். கொஞ்ச நாளில் யாரும் கத்தாமலே, ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்ததும் இரண்டு தடவை சிமிட்டுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்துக்குள் நுழைந்தபோது, இருபத்திரண்டு பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். முக்கால்வாசி கல்லூரிப் பிள்ளைகள். ருக்சானா முதல் ஆட்டத்தை நடுக்கத்தோடு ஜெயித்தாள். இரண்டாவதை நிதானமாக ஜெயித்தாள். அரையிறுதியில் மூன்றாம் போர்டில், அதாவது மூன்றாம் சுற்றில், முறையை விடாமல் ஏழு காயைத் தொடர்ந்து போட்டபோது, பக்கத்து மேஜைகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். முஜீப் வெளியே போய் இரண்டு டீயை அடுத்தடுத்துக் குடித்துவிட்டு வந்தான்.

இறுதிப் போட்டி மத்தியானம் மூன்று மணிக்கு, மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்தவள் சுஷ்மிதா, பத்தொன்பது வயது, கையில் கறுப்புக் கயிறு, அடி ஒவ்வொன்றும் துப்பாக்கி மாதிரி. போன வருடம் ஜெயித்தவளும் அவள்தான். முன்வரிசையில் அவளுடைய அப்பா வந்து உட்கார்ந்தார். ருக்சானா நிமிர்ந்து பார்த்துத் திகைத்தாள். கைக்குட்டையோடு சுப்புராமன்.

"அட, நீங்களா!" அவர் பாதி எழுந்து கும்பிட்டார். "எப்படி இருக்கு?"

"சூப்பரா கீது சார்!"

"நல்லதும்மா. ஆனா என் பொண்ணு விடமாட்டா."

விடவில்லை. முதல் ஆட்டம் 25-9. ருக்சானா உருப்படியாக ஆடியது ஒரே ஒரு போர்டுதான். முஜீப் தலையில் கையை வைத்துக்கொண்டான். மண்டபம் புழுங்கியது, யாரோ கடல் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்கள்.

இரண்டாவது ஆட்டம் தொடங்கியதும் கடல் காற்று நேராக ருக்சானாவின் முகத்தில் அடித்தது. கண் நிறைந்தது. வடிய வழியில்லாத கண்ணீர் இடது கன்னத்தில் உருண்டது. தேய்க்கக் கூடாது என்பதால் கைக்குட்டையால் ஒற்றினாள். மறுபடி உருண்டது. பின்வரிசையில் ஒரு குரல், "ஐயோ பாவம், அழுவுது பாரு" என்றது.

சுஷ்மிதா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்த அடி, பாக்கெட் வாயில் நின்ற காய். தவறவிட்டாள். அதற்கடுத்ததும் தவறியது. ருக்சானா அந்தப் போர்டை எட்டுப் புள்ளியில் எடுத்தாள். அடுத்ததை ஆறில். 14-0. முஜீப் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான்.

காய்களை அடுக்கும்போது சுஷ்மிதா, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "ஆன்ட்டி, ப்ளீஸ், அழாதீங்க. எனக்குக் கையே ஓட மாட்டேங்குது."

ருக்சானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அடிகள் தானாகத் தவறியவை அல்ல, இரக்கத்தில் தவறியவை. இன்னும் பதினோரு புள்ளி. ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து ஆடினால் போதும், இந்த ஆட்டம் கையில். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இவள் கண்ணைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு ருக்சானா அம்பயரைப் பார்த்தாள். "ஒரு நிமிசம் சார்." பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பாப்பா, நா அழல. என் கண்ணுல பிளக்கு வச்சிருக்காங்கோ. காத்து பட்டா தண்ணி வழியும், அவ்ளோதான். எனக்குப் பாவம் பாத்து நீ உட்டுக் குட்க்காத. நல்லா ஆடு."

சுஷ்மிதா நம்பாமல் பார்த்தாள். முன்வரிசையில் சுப்புராமன் எழுந்து நின்றுவிட்டார்.

"சுஷ்மி! அது அழுகை இல்லடி, அடைப்பு! எனக்கு இருக்கிற அதே பிளக்! ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டர்!"

"அப்பா, உட்காருப்பா!" சுஷ்மிதாவின் காது சிவந்தது. மண்டபமே சிரித்தது. அம்பயர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ போய் ருக்சானாவுக்கு நேராக இருந்த ஜன்னலை மட்டும் சாத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். சுஷ்மிதா முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்தாள். கோபம் முழுவதும் விரலில் வந்து நின்றது. 14-7. 14-12. முஜீப் எழுந்து வெளியே போனான், உள்ளே வந்தான், மறுபடி போனான். 18-12. 18-20. ருக்சானா ஸ்ட்ரைக்கரை வைத்தாள், சிமிட்டினாள், அடித்தாள். இரண்டாவது ஆட்டம் கடைசியில் அவள் பக்கம் விழுந்தது, 25-20.

மூன்றாவது ஆட்டத்தில் சாயங்காலம் ஆகிவிட்டது. மற்ற மேஜைகளை மடித்துவிட்டார்கள். ஆட்கள் எல்லோரும் இந்த ஒரு மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஏழு போர்டு முடிந்தபோது சுஷ்மிதா 20, ருக்சானா 18. யாரும் 25 எட்டாவிட்டாலும் எட்டாவதுதான் கடைசி.

அந்தப் போர்டில் ருக்சானாவுக்கு ஒரே ஒரு கறுப்புக் காய் மிச்சம். சுஷ்மிதாவுக்கு இரண்டு வெள்ளை. ரெட் இன்னும் மேலேயே கிடந்தது, எதிர்ப் பக்கச் சட்டத்தை ஒட்டி, ஒரு வெள்ளைக் காயின் நிழலில். ரெட்டைப் போட்டவர் கையோடு தன் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும், அதுதான் ஃபாலோ. போடாவிட்டால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். வந்தால் சுஷ்மிதா விடப்போவதில்லை.

முறை ருக்சானாவுக்கு.

விளக்கு போர்டின் மேல் நேராக அடித்தது. பவுடர் மினுமினுத்தது. அச்சரப்பாக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் சிமிட்டினாள், இரண்டு தடவை. ஈரம் கண் முழுவதும் பரவியது. ரெட் ஒன்றுதான் இருந்தது. அதன் விளிம்பில் ஒட்டியிருந்த பவுடர் துகள்கூடத் தெரிந்தது.

வெள்ளைக் காயைத் தொடாமல், ரெட்டின் ஓரத்தை மயிரிழை உரசிப் போக வேண்டும். அடித்தாள். ரெட் சட்டத்தை ஒட்டியே ஊர்ந்தது, ஊர்ந்தது, மூலையில் தயங்கி நின்ற மாதிரி இருந்தது, விழுந்தது.

"ஹே!" என்று கூட்டம் ஒரு சத்தம் போட்டு உடனே அடங்கியது.

இப்போது ஃபாலோ. கறுப்புக் காய் அவள் பக்கத்திலேயே, கோட்டுக்குப் பின்னால், தொடைக்கு அருகில் கிடந்தது. முன்னால் அடிக்க வழியில்லை. கட்டைவிரலால் பின்பக்கம் தட்டிவிட வேண்டும். அவள் ஸ்ட்ரைக்கரை நகர்த்தினாள், மறுபடி நகர்த்தினாள். கட்டைவிரல் தட்டியது. கறுப்பு ஒரு சுற்று சுற்றி, வலது மூலைக்குள் 'டொப்'பென்று போனது.

மிச்சமிருந்த இரண்டு வெள்ளைக்கு இரண்டு, ரெட்டுக்கு மூன்று, மொத்தம் ஐந்து புள்ளி. 23-20.

முஜீப் உள்ளே இருந்தானா வெளியே இருந்தானா என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று மேஜை பக்கத்தில் நின்று, முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். சுஷ்மிதா எழுந்து கையை நீட்டினாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா ரெண்டாவது கேம் ஈஸியா முடிஞ்சிருக்கும் ஆன்ட்டி. எதுக்குச் சொன்னீங்க?"

"உன்னோட ஆடணும்னுதானே வந்தேன்" என்றாள் ருக்சானா. "நீ ஆடாம உக்காந்துனு இருந்தா?"

சுஷ்மிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த வருஷம் பாருங்க."

"வா, வா."

கோப்பை பெரிதாக இருந்தது. வண்டியில் நடுவில் வைத்துக்கொள்ள முடியாமல் ருக்சானா அதை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டாள். மாமல்லபுரத்தைத் தாண்டி வண்டி திருக்கழுக்குன்றம் ரோட்டில் திரும்பியபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக இந்த மாதிரிப் பயணங்களில் அவள் முஜீபின் முதுகில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவாள். இன்று தோளுக்கு மேலே தலையை நீட்டி எல்லாவற்றையும் பார்த்தாள். அறுத்த வயல், மின்கம்பியில் வரிசையாகக் குருவி, தூரத்தில் மலைமேல் கோபுரம். காற்றில் கன்னம் இரண்டும் நனைந்து நனைந்து காய்ந்தன.

"திருச்சிக்கு இன்னா தேதி?" என்று கத்தினாள், காற்றுக்கு மேலே.

"அடுத்த மாசம் பதினாலு! லீவு கெடைக்குமா?"

"கெடைக்கும், கெடைக்கும்! எந்தத் தேதியானாலும் ரோகிணிய ஷிஃப்ட் மாத்திக்கச் சொல்லிட்டேன்!"

"எப்போ சொன்ன?"

"மத்தியானம், ஃபைனலுக்கு முன்னாடி!"

முஜீப் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு தடவை ஆடி நேரானது. "நல்லா புடிச்சுக்கோ" என்றான். அவள் ஒரு கையால் கோப்பையையும் மறு கையால் அவன் சட்டையையும் பிடித்துக்கொண்டாள். வண்டி வேகமெடுத்தது.